கைக்கடிகாரத்தை நாமே திறக்கலாமா?

கைக்கடிகாரம் நின்றுவிட்டால் பேனாக்கத்தியால் முதுகு மூடியை நெம்பிப் பார்க்கும் வழக்கம் தோட்டங்களில் உண்டு. பகாவுக்கோ சிரம்பானுக்கோ போய்வந்தால் ஒரு நாள் சம்பளம் போய்விடுமே என்ற கணக்குதான். கணக்கு சரியே. ஆனால் எந்த வேலை நம் கைக்கு அடங்கும் என்பது கடிகாரத்தின் வகையைப் பொறுத்தது.

விநாடி முள் ஒவ்வொரு விநாடிக்கும் துள்ளி நின்று நகர்ந்தால், அது பெரும்பாலும் பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரம். 1969 டிசம்பரில் ஜப்பானின் சீக்கோ நிறுவனம் முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்த வகை. இது நின்றால் முதலில் பேட்டரியைத்தான் சந்தேகிக்க வேண்டும். மூடி அழுத்திப் பொருத்தியதாக இருந்தால் நீங்களே மாற்றலாம். பழைய பேட்டரியின் எண்ணைப் பார்த்து அதே எண்ணில் வாங்குங்கள். மூடியடியில் உள்ள ரப்பர் வளையம் பிசகாமல் உட்கார வேண்டும். இல்லையேல் மழைநீர் உள்ளே போகும். மூடியின் விளிம்பில் வெட்டுகள் இருந்தால் அது திருகு மூடி. கத்தி உதவாது, கடைக்குப் போங்கள்.

கழற்றிய பேட்டரியை மேசைமேல் விட்டுவிடாதீர்கள். குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம். வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

சாவி கொடுக்கும் கடிகாரம் வேறு சங்கதி. பழைய வகைகள் பலவற்றில் உள்ளே இருக்கும் ஊசல் சக்கரம் விநாடிக்கு ஐந்து முறை அடிக்கிறது. அதன் அச்சு முனை தலைமயிர் அளவே இருக்கும். ஓட்டம் தளர்ந்தால் தையல் இயந்திர எண்ணெயையோ தேங்காய் எண்ணெயையோ ஒரு சொட்டு விடுவார்கள். இரண்டு நாள் ஓடும். பிறகு எண்ணெய் பரவி, தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். கடிகாரக்காரர் முழுவதையும் பிரித்துக் கழுவி, இடத்துக்கு ஏற்ற எண்ணெயை ஊசிமுனையால் வைக்கிறார். இதற்குக் கூலி கொடுப்பது வீண் செலவல்ல.

கண்ணாடிக்குள் ஆவி படிந்தால் எந்த வகையானாலும் தாமதிக்காதீர்கள். அரிசிப் பானையில் புதைத்தால் வியர்வையின் உப்பு போகாது. துரு சீக்கிரமே பிடித்துவிடும்.

வாரையும் வார்க்கம்பியையும் வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம்.

பழுதுக் கூலி புதுக் கடிகார விலையை நெருங்கினால், மலிவான குவார்ட்ஸுக்கு அது தேவையில்லை. தாத்தாவின் கடிகாரமென்றால் மனம் கேட்காது. அப்போது பிரிக்கும் முன்பே கூலியைக் கேட்டுக்கொள்ளுங்கள். மாற்றிய பழைய பாகத்தையும் கையில் வாங்கிவிடுங்கள்.