'நானே... நானே!' என்கிறதா உங்கள் வீட்டுப் பொடிசு?

காலை மணி எட்டரை. குழந்தையைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு ஆபீசுக்கு ஓட வேண்டும். அவசர அவசரமாகச் செருப்பை எடுத்துக்கொண்டு குனிகிறீர்கள். இரண்டு வயதுகூட முடியாத அந்த வாண்டு, உங்கள் கையைத் தட்டிவிட்டு "நானே!" என்கிறது. வலது செருப்பை இடது காலில் நுழைத்து, கழற்றி, மறுபடியும் அதே காலில் நுழைத்து... பஸ் போயே போச்சு!

கோபம் வருகிறது. கூடவே சிரிப்பும் வருகிறது. இந்த இரண்டுக்கும் அடியில் மூன்றாவதாக ஒன்று சுருக்கென்று தைக்குமே, கவனித்திருக்கிறீர்களா? 'போன மாசம் வரைக்கும் காலை நீட்டிக்கிட்டு சமத்தா உட்கார்ந்திருந்துச்சே...'

இதை வெளியில் சொல்லவும் முடியாது. சொன்னால், "புள்ள வளர்றதுக்கு யாராவது அழுவாங்களா?" என்று கேட்பார்கள். வளர்வதில் சந்தோஷம்தான், யார் இல்லை என்றது? ஆனால் ஒன்றரை வருஷமாக ராத்திரி பகல் பார்க்காமல் ஒரு உயிர் உங்களையே நம்பி இருந்தது. அது திடீரென்று 'நீ வேண்டாம், தள்ளு' என்றால் மனசு கொஞ்சம் ஆடத்தான் செய்யும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

குழந்தைக்குள் என்னதான் நடக்கிறது? ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். அதன் மூக்கு நுனியில், அதற்குத் தெரியாமல், துளி குங்குமத்தைத் தடவிக் கண்ணாடி முன்னால் நிறுத்துங்கள். ஒரு வயதுக் குழந்தை கண்ணாடியில் தெரியும் பாப்பாவைத் தொட்டுச் சிரிக்கும். ஒன்றரையிலிருந்து இரண்டு வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் தன் மூக்கைத் தொட்டுப் பார்க்கும். 'அது நான்தான்' என்று புரிந்துவிட்டது! 'நான்' என்று ஒன்று இருப்பது தெரிந்த பிறகு, 'நானே' வராமல் எப்படி இருக்கும்? மனோதத்துவ நிபுணர் எரிக் எரிக்சன் 1950இல் எழுதிய புத்தகத்தில், இந்த வயதில் குழந்தைக்குக் கிடைக்க வேண்டியது 'என்னால் முடியும்' என்ற எண்ணம்தான் என்கிறார். எதற்கெடுத்தாலும் திட்டி, கேலி செய்தால் அந்த இடத்தில் கூச்சமும் சந்தேகமும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அம்மாக்களை அதிகம் புண்படுத்துவது சாப்பாட்டுத் தட்டுதான். நெய் விட்டுப் பிசைந்த பருப்பு சாதம். நாலு வாய் வாங்கிவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுகிறது. "என் கையால ஊட்டினா பிடிக்கலை போல" என்று கண் கலங்குகிறவர்கள் உண்டு. கணக்கைப் பாருங்கள். மூன்று கிலோவில் பிறந்த குழந்தை முதல் பிறந்தநாளுக்குள் சுமார் ஒன்பது கிலோ ஆகிவிடுகிறது. இரண்டாவது வருஷம் முழுக்க ஏறுவது இரண்டு, இரண்டரை கிலோதான். வளர்ச்சியின் வேகம் குறைகிறது, பசியும் குறைகிறது. இது உங்கள் மேல் கோபம் இல்லை! ஒரு கிண்ணத்தில் கொஞ்சமாகப் போட்டு அதன் கையிலேயே கொடுத்துவிடுங்கள். பாதி தரையில் சிந்தும். சிந்தட்டும், பழைய பேப்பரை விரித்தால் போச்சு. (வேர்க்கடலை, முழுத் திராட்சை மட்டும் வேண்டாம். தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.)

தாய்ப்பால் விஷயமும் இப்படித்தான். இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சில குழந்தைகள் தானாகவே விட்டுவிடும். அப்போது நிம்மதியும் ஏக்கமும் சேர்ந்தே வரும். நீங்களாக நிறுத்துவதென்றால் வேப்பெண்ணெய் தடவி ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு வேளையாகக் குறையுங்கள். பால் கட்டிக்கொண்டு வலிக்காது, இரண்டு பேர் மனசும் பழகிக்கொள்ளும்.

நம் புலவர்கள் இதையெல்லாம் எப்போதோ கவனித்துவிட்டார்கள் என்று தோன்றுகிறது. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் 11ஆம் மாதம் முத்தம், 13ஆம் மாதம் வருகை. 'ஒரு முத்தம் தா', 'கிட்ட வா' என்று தாய் கெஞ்சுகிற பருவங்கள். கெஞ்ச வேண்டிய நிலை ஏன் வந்தது? பிள்ளை மடியை விட்டு இறங்கிவிட்டதே! ஆண் குழந்தைக்குப் பாடினால் கடைசிப் பருவம் சிறுதேர், 21ஆம் மாதம். தேரை உருட்டிக்கொண்டு அவன் கிளம்புவதோடு பாட்டு முடிகிறது.

ஆனால் நிஜத்தில் தேர் அடிக்கடி திரும்பி வரும். காலையில் "போ" என்ற குழந்தை, சாயங்காலம் பாத்ரூம் போகக்கூட விடாமல் புடவையைப் பிடித்துக்கொண்டு அழும். ஒன்றேகால் வயதிலிருந்து இரண்டு வயது வரை இந்த இழுபறி சகஜம். தூரப் போக ஆசை, போனால் பயம். "காலையில போன்னு சொன்னியே, இப்ப எதுக்கு வர்றே?" என்று விளையாட்டுக்குக்கூடக் கேட்காதீர்கள். தூக்கிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றிலும் 'நானே'வை அனுமதிக்கவும் முடியாது. அடுப்பு, மாடிப்படி, ரோடு, தண்ணீர் நிற்கும் பக்கெட்... இவற்றில் முடிவு உங்களுடையதுதான். மற்றதில் "சிவப்புச் சட்டையா, நீலச் சட்டையா?" என்று இரண்டைக் காட்டிக் கேளுங்கள். ஜெயித்த திருப்தி அதற்கு, நேரம் மிச்சம் உங்களுக்கு.

ஒன்றரை வயது முடிந்தும் நடக்கவில்லை, இரண்டு வயது முடிந்தும் 'அம்மா வா' மாதிரி இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசவில்லை என்றால் குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள். உங்களையும் கவனியுங்கள். ஏக்கம் என்பது வந்து போகிற விஷயம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால் அது வேறு. நீங்களும் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

மற்றபடி, ஏங்குகிற அம்மாக்களுக்கு ஒரு யோசனை. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். கண்ணில் சீயக்காய் போகாமல் தலை தேய்த்துவிட இன்னும் நாலைந்து வருஷத்துக்கு உங்களை விட்டால் ஆள் கிடையாது!