கண்ணில் சுரண்டி எடுத்தது எங்கே போகிறது?

"வைத்தியரய்யா, கண்ணைச் சுரண்டி எடுத்தாங்களே, அதை வெச்சு என்னதான் பண்ணுவாங்க?"

எங்கள் தொப்பம்பட்டியில் ஓர் அம்மா என்னிடம் கேட்ட கேள்வி இது. மக்காச்சோளம் ஒடிக்கும்போது தோகை கண்ணில் அடித்துவிட்டது. நாலு நாள் வீட்டிலேயே நந்தியாவட்டைப் பூச்சாறு, தாய்ப்பால் என்று விட்டுப் பார்த்துவிட்டு, ஐந்தாம் நாள் என்னிடம் வந்தார். கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி. நான் மருந்து எதுவும் கொடுக்கவில்லை. "இன்றைக்கே மதுரைக்கு பஸ் ஏறுங்கள்" என்றேன். அவர் மகனுக்கு ஏமாற்றம்தான். கண் நோய் 96 என்று வகுத்துச் சொன்ன சித்த மருத்துவத்தைப் படித்தவர் இப்படிக் கைவிரிக்கிறாரே என்று நினைத்திருப்பார். நந்தியாவட்டை நம் மூலிகைதான், மறுக்கவில்லை. ஆனால் புண்ணான கருவிழியில், கையால் கசக்கிப் பிழிந்த சாற்றை விட்டால் கிருமியும் கூடவே உள்ளே போகுமே!

சரி, அந்தச் சுரண்டல் எங்கே போகிறது? முதலில் ஒரு கண்ணாடிச் சில்லுக்கு. அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், பூஞ்சையாக இருந்தால் நூல் நூலாகத் தெரியும். மீதியைக் கிருமி வளர்க்கும் தட்டில் தடவிச் சில நாள் வைத்திருப்பார்கள். பாக்டீரியாவுக்கு ஒரு மருந்து, பூஞ்சைக்கு வேறு மருந்து. தெரியாமல் ஸ்டீராய்டு சொட்டு வாங்கி விட்டால் பூஞ்சை இன்னும் பரவும். மெடிக்கல் ஷாப்பில் சும்மா கேட்டு வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பூஞ்சைப் புண்ணுக்கு எந்தச் சொட்டு மருந்து நல்லது என்பதே ஒரு காலத்தில் சந்தேகமாக இருந்தது. அரவிந்த் கண் மருத்துவமனையும் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகமும் சேர்ந்து 323 நோயாளிகளிடம் இரண்டு மருந்துகளை ஒப்பிட்டுப் பார்த்தன. பழைய நாட்டமைசின்தான் புதிய வோரிகோனசோலைவிட மேல் என்று 2013-ல் முடிவு வெளிவந்தது. நம் வயக்காட்டுச் சனங்களின் கண்ணிலிருந்து கிடைத்த விடை இது!

டாக்டர் வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கையோடு தொடங்கிய ஆஸ்பத்திரி அது. அவர் பெயரிலேயே 2008-ல் மதுரையில் கண் ஆராய்ச்சி நிலையமும் திறக்கப்பட்டது. இப்படிப்பட்ட இடங்களில் ஒருவர் மரபணுவை ஆராய்வார், ஒருவர் கிருமியை, இன்னொருவர் ஸ்டெம் செல்லை. ஆளுக்கொரு விலை உயர்ந்த மைக்ராஸ்கோப் வாங்கக் கட்டுப்படியாகுமா? அதனால் பெரிய கருவிகளைப் பொதுவில் வைத்துப் பலரும் பயன்படுத்துவது உலக வழக்கம். அமெரிக்காவின் தேசியக் கண் நிறுவனம், பல்கலைக்கழகங்களுக்கு இந்தப் பொதுக் கூடங்களுக்கென்றே தனியாக நிதி தருகிறது.

பொதுச்சொத்து என்றால் என்ன கதி ஆகும் என்று நமக்குத் தெரியாதா! நான் படித்த காலத்தில் மருந்து அரைக்க எங்கள் வகுப்புக்கு ஒரே கல்வம். ஒருமுறை பாதரசம் சேர்ந்த மருந்தை அரைத்தவர் கழுவாமல் போய்விட்டார். அடுத்தவர் மூன்று நாள் அரைத்த மருந்தைக் கொட்ட வேண்டியதாயிற்று. யார் என்று கடைசிவரை தெரியவில்லை, எழுதி வைக்கும் நோட்டே இல்லையே.

ஆராய்ச்சிக் கூடத்தில் அந்த நோட்டுதான் உயிர். யார், எந்த மணிக்கு, எதற்காகக் கருவியைத் தொட்டார் என்று பதிய வேண்டும். முன்கூட்டி நேரம் கேட்டு வாங்க வேண்டும். கருவிக்கென்றே பழகிய ஓர் ஆள் வேண்டும். புதிதாக வருபவர் அவரிடம் கற்றுக்கொண்ட பிறகே தொடலாம். பழுது பார்க்கும் செலவில் ஒவ்வொருவரும் பங்கு கொடுக்க வேண்டும்.

இதைவிடக் கவலையானது குளிர்பெட்டி. மைனஸ் 80 டிகிரியில் திசுக்கள் இருக்கும். கரண்ட் போய் ஜெனரேட்டரும் ஓடாவிட்டால் பல வருட உழைப்பு ஓரிரவில் போச்சு. இறந்து சில மணி நேரத்துக்குள் வீட்டார் தானம் தந்த கண்களில், மாற்றிப் பொருத்த உதவாதவையும் ஆராய்ச்சிக்குத்தான் போகின்றன. அழுகைக்கு நடுவிலே சம்மதித்துக் கொடுத்தது, சீட்டு ஒட்டாத ஒரு குப்பியாகக் கிடக்கலாமா?

அந்த அம்மாவுக்கும் பூஞ்சைதான். நாட்டமைசின் விட்டு, வாரக்கணக்கில் ஆகிக் குணமாயிற்று. தழும்பு இருக்கிறது, பார்வை கொஞ்சம் மங்கல். இப்போதெல்லாம் சோளம் ஒடிக்கப் போனால், மகன் பைக் ஓட்டும்போது போடும் கண்ணாடியை மாட்டிக்கொண்டுதான் போகிறார்.