மட்டக்களப்பைக் காணாமலே கடலில் முடிந்த ஒரு பயணம்

மட்டக்களப்பில் வளர்ந்தவர்களுக்கு வண. வில்லியம் ஓல்ட் என்ற பெயர் புதிதல்ல. புளியந்தீவில் உள்ள மெதடிஸ்த மத்திய கல்லூரியின் வரலாறு 1814இல் அவரிடமிருந்தே தொடங்குகிறது. ஆனால் ஓல்ட்டை இங்கே வர வைத்தது யார் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைப்பதில்லை.

அவர் பெயர் தோமஸ் கோக். வேல்ஸ் நாட்டு மதகுரு, சமய நூல்கள் பல எழுதியவர். இலங்கைக்கு வரும் வழியில் கப்பலிலேயே இறந்துபோனார். அவருக்குக் கல்லறை இல்லை. இந்த ஒரு செய்திதான் அவரைப் பற்றித் தேடிப் படிக்க என்னைத் தூண்டியது. 1990இல் எங்கள் குடும்பத்திலிருந்து கொண்டுபோகப்பட்ட ஒருவருக்கும் கல்லறை இல்லை.

கோக் 1747இல் வேல்ஸின் பிரெக்கன் நகரில் பிறந்தார். தந்தை மருந்து வணிகர், வசதியான குடும்பம். ஒக்ஸ்போர்ட்டில் படித்து இங்கிலாந்துத் திருச்சபையின் குருவானார். ஜோன் வெஸ்லியின் மெதடிஸ்த இயக்கத்தின் பக்கம் சாய்ந்ததால், 1777இல் அவர் பணியாற்றிய சவுத் பெதர்டன் ஊரிலிருந்து வெளியேற்றப்பட்டார். ஊரார் கோயில் மணியடித்து அதைக் கொண்டாடினார்களாம்.

1784இல் வெஸ்லி அவரை அமெரிக்காவுக்கு அனுப்பினார். அங்கே மெதடிஸ்த திருச்சபை அமைக்கப்பட்டபோது அதன் முதல் தலைவர்களில் ஒருவராக இருந்தார். அடுத்த ஆண்டு வேர்ஜினியாவில் அடிமைமுறைக்கு எதிராகப் பிரசங்கம் செய்தார். ஆத்திரமுற்ற கும்பல் அவரை அடிக்கக் காத்திருந்தது. அடிமைகளை விடுவிக்கக் கோரும் மனு தொடர்பாக ஜோர்ஜ் வொஷிங்டனையும் நேரில் சந்தித்தார். ஆனால் எதிர்ப்பு வலுத்ததும், அடிமைகளை வைத்திருப்போருக்கு எதிராகத் திருச்சபை கொண்டுவந்த விதி ஆறு மாதங்களிலேயே இடைநிறுத்தப்பட்டது. கோக்கின் வாழ்வில் துணிவும் உண்டு, பின்வாங்கலும் உண்டு.

1786இல் கனடாப் பக்கம் புறப்பட்ட அவரது கப்பலைப் புயல் திசைமாற்றியது. நத்தார் தினத்தன்று மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான அன்ரிகுவாவில் கரைசேர்ந்தார். அங்கிருந்த அடிமை மக்களிடையே தொடங்கிய பணி பிற தீவுகளுக்கும் பரவியது. பின்னர் அத்தீவுகளின் வரலாற்றை மூன்று தொகுதிகளாக எழுதினார். வெஸ்லியின் வாழ்க்கை வரலாற்றை ஹென்றி மூருடன் சேர்ந்து 1792இல் வெளியிட்டார். ஆறு தொகுதி வேதாகம விளக்கவுரையும் அவர் பெயரில் உண்டு. அதில் பெரும்பகுதி வில்லியம் டொட் என்பவரின் உரையிலிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அறுபத்தைந்து வயதைத் தாண்டியபோது, இரு மனைவியரையும் அடுத்தடுத்து இழந்திருந்தார். அப்போதுதான் அவர் கவனம் முழுவதும் ஆசியாவின் மேல் திரும்பியது. இந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பனி மிஷனரிகளை நீண்டகாலம் விரும்பவில்லை. இலங்கை பிரித்தானிய முடியின் நேரடி ஆட்சியில் இருந்ததால் இங்கே வழி திறந்திருந்தது. செலவை நினைத்துத் திருச்சபை தயங்கியது. கோக் தன் சொந்தப் பணத்தில் 6,000 பவுண் தருவதாகச் சொன்னார்.

1813 டிசம்பர் 30இல் இரண்டு கப்பல்களில் குழு புறப்பட்டது. இலங்கைக் கரையோரங்களில் போர்த்துக்கீசம் வழங்கிவந்ததால் கோக் கப்பலிலேயே அந்த மொழியைப் படித்தார். அந்த மொழியின் எச்சம் மட்டக்களப்புப் பறங்கியர் சிலரின் பேச்சில் நம் காலம்வரை இருந்துவருகிறது. பெப்ரவரியில் ஓல்ட்டின் மனைவி கப்பலில் இறந்தார். மே 3ஆம் திகதி காலை, கோக் தன் அறைத் தரையில் இறந்து கிடந்தார். அன்றே அவரது உடலை இந்து சமுத்திரத்தில் இறக்கினார்கள்.

பணப் பொறுப்பு முழுவதும் கோக்கிடமே இருந்தது. தலைவர் இல்லை, கையில் காசும் இல்லை. பம்பாயில் ஒரு வணிகர் கடன் கொடுத்து உதவினார். ஜூன் 29இல் ஐவர் காலியில் இறங்கினார்கள். யார் எங்கே போவது என்று அங்கே கூடி முடிவெடுத்தார்கள். இருவர் யாழ்ப்பாணம் போனார்கள். ஓல்ட் தனியாக மட்டக்களப்புக்கு வந்தார். இங்கே சில மாதங்கள்தான் வாழ்ந்தார். 1815 ஏப்ரல் 1இல் அவரும் நோயால் இறந்தார்.

அவர்கள் மதம் மாற்ற வந்தவர்கள், பேரரசின் நிழலில் வந்தவர்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் தொடக்கிய பாடசாலைகளில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் படித்தார்கள். சுவாமி விபுலாநந்தரும் கல்முனை மெதடிஸ்த பாடசாலையில் படித்தவர்தான்.

உடல் கிடைக்காத கோக்கின் கடைசி நாள் இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் நமக்குத் தெரிகிறது. உடன் வந்தவர்கள் எழுதி வைத்ததே அதற்குக் காரணம். அவர்களில் ஒருவரான ஹாவர்ட், 1823இல் அதை ஒரு நூலாகவே வெளியிட்டார்.

நம் நிலைமை வேறு. கோக் நோயுற்று இறந்தார். அவரைக் கடலில் இறக்கியவர்கள் ஜெபம் செய்து இறக்கினார்கள். நம்மவர்களுக்கு என்ன நடந்தது என்றே சொல்லப்படவில்லை. மட்டக்களப்பில் 1988 ஜூன் 6இல் வண. பிதா சந்திரா பெர்னாண்டோ சுட்டுக் கொல்லப்பட்டார். 1990 ஆகஸ்ட் 15இல் அமெரிக்க இயேசு சபைக் குருவான வண. பிதா யூஜின் ஹேபர்ட் காணாமற்போனார். அவரோடு போன தமிழ் இளைஞரும் திரும்பவில்லை. ஹேபர்ட்டைப் பற்றிக் கட்டுரைகள் உண்டு. அந்த இளைஞரைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு.

விசாரணையும் நீதியும் அரசு தர வேண்டியவை. அவற்றைக் கேட்பதை நாம் நிறுத்தக்கூடாது. ஆனால் பெயர், ஊர், கடைசியாகக் கண்ட நாள், கடைசியாகப் பேசிய வார்த்தை ஆகியவற்றை எழுதி வைக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. அகதி முகாமில் மரத்தடியில் பாடம் நடத்திய ஆசிரியரைப் பற்றியும் எழுதலாம். கண்டவர்கள் உயிரோடு இருக்கும்போதே ஒரு கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு அவர்களிடம் கேளுங்கள்.