செங்காந்தள்

கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது மலர்களின் பெயர்கள் வரிசையாக வருவதை மாணவர்களாகிய நீங்கள் அறிவீர்கள். அவ்வரிசையில் முதலில் நிற்பது செங்காந்தள். அப்பெயரை மனப்பாடமாக ஒப்பிப்பவர் பலர். வேலியோரத்தில் அம்மலரைக் கண்டால் பெயர் சொல்லத் தெரிந்தவர் சிலரே. இதனை ஆசிரியர்களாகிய எங்கள் குறையென்றே கருதுகிறேன்.

மழைக்காலத்தில் புதர்மீது ஏறிப் படரும் கொடி இது. இலையின் நுனியே நீண்டு சுருண்டு பக்கத்துக் கிளையைப் பற்றிக்கொள்ளும். ஆறு இதழ்களும் பின்னோக்கி வளைந்து மேல்நோக்கி நிற்கும். மொட்டில் பச்சை, மலர்கையில் மஞ்சளும் சிவப்பும், முதிர்ந்தால் முழுச் சிவப்பு. இவ்வடிவைக் கண்ட சங்கப் புலவர்கள் மகளிர் விரலையும் பாம்பின் படத்தையும் நினைந்தனர். முருகனுக்குரிய பூவாகவும் இதனைப் போற்றினர். லின்னேயஸ் 1753-இல் இதற்குக் குளோரியோசா சூப்பர்பா என்று பெயர் வழங்கினார். தமிழ்நாட்டின் மாநில மலர் இதுவே; சிம்பாப்வேயின் தேசிய மலரும் இதுவே.

கார்த்திகையில் பூப்பதால் கார்த்திகைப்பூ என்றும், கிழங்கு கலப்பை போலிருப்பதால் கலப்பைக் கிழங்கு என்றும் மக்கள் அழைப்பர். அக்கிழங்கு கொடிய நஞ்சு. வள்ளிக்கிழங்கென்று மயங்கி உண்டு உயிர் துறந்தோர் உண்டு. கொடியைக் கண்டால் நின்று பாருங்கள், படம் வரையுங்கள். கிழங்கை மட்டும் அகழாதீர்கள்.

நஞ்சின் பெயர் கோல்கிசின். உயிரணு இரண்டாகப் பிரியுமுன் குரோமோசோம்கள் இரட்டிக்கும். பின்னர் நுண்ணிழைகள் அவற்றை இருபுறமும் இழுக்கும். கோல்கிசின் அவ்விழைகள் உருவாகாமல் தடுக்கிறது. பிரிவு நின்றுபோகிறது, உடல் சீர்குலைகிறது. ஆயினும் மருத்துவர் அளந்து கொடுக்கும் சிறு அளவில் இதுவே கவுட் என்னும் மூட்டு நோயைத் தணிக்கிறது. தாவர அறிஞர்களோ 1937 முதல் இதைக் கொண்டே பயிர்களின் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டித்து வருகின்றனர். விதையில்லாத் தர்ப்பூசணி பிறந்தது இவ்வழியில்தான்.

இம்மருந்துப் பொருளுக்காக மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பகுதிகளில் உழவர்கள் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் இதனைப் பயிரிடுகின்றனர். அவர்கள் விற்பது பெரும்பாலும் விதையை. அங்கே ஒரு தொல்லை உண்டு. பூவின் சூல்தண்டு, மகரந்தப் பைகளுக்கு எட்டாதவாறு பக்கவாட்டில் மடங்கி நிற்கிறது. பூச்சிகளை மட்டும் நம்பினால் காய் குறையும். ஆதலால் காலை வேளையில் வயலில் இறங்கி, பூப்பூவாக மகரந்தத்தை எடுத்துச் சூல்முடியில் தம் கையாலேயே தொட்டு வைக்கின்றனர்.