ஏரி வாரியமும் பகுதி சபையும்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில், ஊரை எப்படி நடத்துவது என்று ஊரார் கூடி எடுத்த முடிவுகள் இரண்டு வெட்டப்பட்டிருக்கின்றன. இரண்டும் முதலாம் பராந்தக சோழன் காலத்தவை. ஒன்று கி.பி. 919, மற்றது 921. இடையில் இரண்டே ஆண்டுகள். முதல் ஏற்பாடு போதாது என்று கண்டு, அரசன் அனுப்பிய அதிகாரி உடனிருக்க, அதே சபையார் மறுபடி கூடித் திருத்தியிருக்கிறார்கள். ஊர்ப் பணிகளைக் கவனிக்கும் வாரியத்துக்கு வருகிறவர் வயது முதலில் 30 முதல் 60 வரை என்றிருந்தது. திருத்தத்தில் 35 முதல் 70 என்று ஆனது. குடத்தில் ஓலை இட்டு ஆள் தேர்ந்த அந்தக் குடவோலை முறையைப் போற்றிப் பேசுகிறவர்கள் இந்தத் திருத்தத்தை அதிகம் சொல்வதில்லை. எனக்கோ அந்தச் சுவரில் மிகவும் பிடித்தது அதுதான். தாங்கள் போட்ட விதியைத் தாங்களே மறுபடி எடுத்துப் பார்த்தவர்கள் அவர்கள்.

ஊர் குடும்பு என்னும் 30 பகுதிகளாகப் பிரிந்திருந்தது. குடும்புதோறும் தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவார்கள். விவரம் அறியாத சிறுவன் ஒருவன் ஓர் ஓலையை எடுப்பான். அதை வாங்கும் மத்தியஸ்தர் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். ஓலை மாறிவிடக் கூடாது என்பதில் அவ்வளவு கவனம். அப்படி வந்த முப்பது பேரில் 12 பேர் ஆண்டு வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவி 360 நாள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் பெயரை மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் ஓலையில் எழுதக் கூடாது.

இத்தனை ஒழுங்கும் சிலருக்குள் நடந்த ஒழுங்கு. உத்திரமேரூர் அன்று சதுர்வேதிமங்கலம், அந்தணர்களுக்கு விடப்பட்ட ஊர். ஓலையில் பெயர் வர, பொதுவாக வரி செலுத்தும் கால் வேலி நிலத்துக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதப் பயிற்சி வேண்டும். ஏரித் தண்ணீரில் நாற்று நட்ட பெண்ணுக்கு அந்த ஏரியைப் பற்றிச் சொல்ல ஒரு வார்த்தை இருந்திருக்கும். அதைக் கேட்க அந்தச் சபையில் வழியில்லை.

இன்று அந்தக் கதவு திறந்திருக்கிறது. 2022 பிப்ரவரி 19 அன்று தமிழ்நாட்டின் மாநகராட்சிகள், நகராட்சிகள், பேரூராட்சிகள் அனைத்துக்கும் சேர்த்து 12,838 வார்டுகளில் தேர்தல் நடந்தது. இடங்களில் பாதி பெண்களுக்கு. நிலம் கேட்கவில்லை, வேதம் கேட்கவில்லை. 18 வயது நிறைந்து பட்டியலில் பெயர் இருந்தால் வாக்குண்டு. ஆனால் அந்தத் தேர்தல் வருவதற்குள், முந்தைய மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்து ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அதுவரை தனி அலுவலர்களே ஊரை நடத்தினார்கள். 360 நாளுக்கு ஒருமுறை ஓலை எழுதிய ஊரும் அந்தக் காத்திருப்பில் சேர்ந்தே இருந்தது.

நகரவாசிகளைக் கூட்டி உட்காரவைத்து, ஊருக்கு என்ன செய்யலாம் என்று கேட்கும் முறை நமக்கு இன்னும் புதிது. கிராமத்துக்குக் கிராம சபை பழகிவிட்டது. 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம், மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள் உள்ள நகரங்களுக்கே வார்டு குழுவைக் கட்டாயமாக்கியது. சிறு நகரங்கள் விடுபட்டன. தமிழ்நாட்டு நகரங்களில் வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைகள் கூடத் தொடங்கியது 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்றுதான்.

பள்ளிக்கூட வளாகத்திலோ தெருமுனைப் பந்தலிலோ நாற்காலி போட்டு நடக்கும் இந்தக் கூட்டங்களில் அடைத்துக்கொண்ட சாக்கடை, எரியாத தெருவிளக்கு, வராத குப்பை வண்டி, நேரம் தவறும் குடிநீர் என்று ஒவ்வொருவராக எழுந்து சொல்கிறார்கள். சொல்ல வேண்டியவைதான். ஆனால் குறை சொல்வது ஒன்று, யோசனை சொல்வது வேறு. குறைக்கு மனு போதும். யோசனை சொல்ல, ஊரின் நிலமும் நீரும் பணமும் எங்கே இருக்கின்றன என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஏரியையே எடுத்துக்கொள்ளலாம். கல்வெட்டுகள் வயிரமேக தடாகம் என்று சொல்லும் ஏரி உத்திரமேரூரில் இன்றும் இருக்கிறது. அன்று அதன் கரையும் மதகும் தூரும் ஊரில் குடியிருந்த ஆறு பேரின் பொறுப்பு. தூர் வாரக் கொடைகள் இருந்தன, கேட்க ஆட்களும் இருந்தார்கள். இன்று 100 ஏக்கருக்கு மேல் பாசனம் தரும் ஏரிகள் நீர்வளத் துறையின் பராமரிப்பில் இருக்கின்றன. பொறியாளர் இருக்கிறார், இயந்திரம் இருக்கிறது, அந்தக் காலத்தில் நினைத்தும் பார்க்க முடியாத நிதி இருக்கிறது. அவற்றைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பகுதி சபையில் ஒரு மூதாட்டி எழுந்து, மழைநீர் எந்த ஓடை வழியாக ஏரிக்குப் போனது, அது எங்கே அடைபட்டது என்று சொன்னால், அதைக் குறித்துக்கொள்ளும் அலுவலர் வேறொரு துறைக்கு எழுத வேண்டியிருக்கிறது. பேச உரிமை வந்திருக்கிறது. பேசிய சொல் போய்ச் சேரும் தூரம் நீண்டுவிட்டது.

அந்த மூதாட்டிக்குப் பேச இடமில்லாத பழைய சபையை நான் திரும்பக் கேட்கவில்லை. அதன் ஒரு வழக்கத்தை மட்டும் கேட்கிறேன்: கணக்கு. ஒவ்வொரு பகுதி சபையிலும், புதிதாக யாரும் எழுந்து பேசுமுன், சென்ற கூட்டத்தில் மக்கள் சொன்னவை என்ன, அவற்றில் எது நடந்தது, எது நடக்கவில்லை, ஏன் என்று உரக்க வாசிக்க வேண்டும். நீர்வளத் துறை அலுவலரும் அங்கே வந்து உட்கார வேண்டும். நாமும் மனுவோடு மட்டும் போகாமல், நம் தெருவைப் பற்றியும் ஏரியைப் பற்றியும் நமக்குத் தெரிந்ததைக் கொண்டு போக வேண்டும். உங்கள் வார்டில் அடுத்த பகுதி சபை என்றைக்கு என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். அன்றைக்கு வீட்டிலிருக்கும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.