குருவி பார்க்க மலை ஏற வேண்டியதில்லை

“விடிந்தால் பெரட்டு, பிறகு நாள் முழுக்க மலையில் கொழுந்து. இதில் குருவி பார்க்க வேறு போகணுமா?” என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயந்தான். ஆனால் நுவரெலியாக் குருவிகளைப் பார்க்கவே பல வெளிநாடுகளிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். பக்கத்தில் இருக்கும் நாம்தான் பார்ப்பதில்லை. முழங்கால் நோவுள்ள தாத்தா பாட்டிமாரும் மெதுவாக நடந்து பார்க்கக்கூடிய இரண்டு இடங்களை இங்கே சொல்கிறோம்.

விக்டோரியா பூங்கா

நுவரெலியா நகரின் நடுவில், பஸ் நிலையத்துக்குக் கிட்ட இருக்கிறது. 1897இல் விக்டோரியா மகாராணியின் பெயர் இதற்கு வைக்கப்பட்டது. பாதைகளில் மேடு பள்ளம் குறைவு. உட்கார ஆசனங்களும் உண்டு. நுழைவுச் சீட்டு வாங்க வேண்டும்.

இங்குள்ள சிறு ஓடையின் ஓரத்தில் ஆறுமணிக்குருவியைக் காணலாம். காலையிலும் மாலையிலும் ஆறு மணியளவில் விசிலடிப்பதால் இந்தப் பெயர். குட்டை வாலோடு தரையில் தத்தித் தத்தி, சருகைக் கிளறிப் பூச்சி தேடும். இன்னொன்று காஷ்மீர் ஈப்பிடிப்பான். சிட்டுக்குருவி அளவுதான், ஆண் பறவையின் நெஞ்சு செங்கல் நிறம். காஷ்மீர்ப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தில் இவ்வளவு தூரம் பறந்து வருகிறது. உலகத்தில் தொகை குறைந்துவரும் பறவைகளில் இதுவும் ஒன்று. நம் முன்னோரைப் போல இவையும் கடல் தாண்டி வந்தவைதான். ஆனால் பாஸ்போர்ட், விசா இல்லாமல் வருஷா வருஷம் வந்து திரும்புகின்றன!

ஹக்கல பூந்தோட்டம்

பதுளை றோட்டில், சீதா எலிய கோவிலைத் தாண்டியதும் வரும். 1861இல் சிங்கோனா மரம் வளர்க்கத் தொடங்கிய இடம் இது. மேலே சரிவு இருப்பதால், நடக்க முடியாதவர்கள் கீழ்ப்பாதைகளோடு நின்றுகொள்ளலாம். பின்னால் உள்ள குளிர்மலைக் காடு 1938 முதல் கடுமையாகப் பாதுகாக்கப்படும் ஒதுக்குக்காடு; அதற்குள் பொதுமக்கள் போக முடியாது. ஆனாலும் காட்டுக் குருவிகள் தோட்டத்துக்கு வருகின்றன. கண்ணுக்குப் பின்னால் மஞ்சள் இறகுள்ள கொண்டைக்குருவி அதில் ஒன்று. இலங்கையின் மலைநாட்டைத் தவிர உலகில் வேறெங்கும் அது கிடையாது.

எப்படிப் பார்ப்பது?

வெளிநாட்டுக் குருவிகள் ஐப்பசி முதல் பங்குனி வரை தங்கும். சித்திரை சீசனில் சனக்கூட்டம் அதிகம். மார்கழி, தை மாதங்கள் நல்லது. காலையிலேயே போங்கள். பளிச்சென்ற சட்டை, ரேடியோ, சத்தம் வேண்டாம். தூரக்கண்ணாடி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஓரிடத்தில் பதினைந்து நிமிஷம் அசையாமல் உட்கார்ந்தால் குருவி தானாகக் கிட்ட வரும். ஓடித் திரிகிற பிள்ளைகளைவிட ஆசனத்தில் இருக்கும் பாட்டிதான் அதிகம் பார்ப்பார்!

நமக்கு என்ன லாபம்?

கொழுந்தைக் கெடுக்கும் புழு பூச்சிகளையும் குருவிகள் பிடித்துத் தின்கின்றன. பழம் தின்னும் குருவிகள் விதையைப் பரப்பிக் காட்டை வளர்க்கின்றன. ஓடையோரக் காடு நின்றால்தான் பீலியில் தண்ணீர் நிற்கும். விறகுக்காக அந்த மரங்களையும் வெட்டிவிட்டால் குருவிக்கு மட்டுமா கஷ்டம்? லயத்துக்குந்தான்.

பிள்ளைகளின் கையில் கெட்டபோல் இருந்தால் அன்போடு வாங்கி வையுங்கள். 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி பெரும்பாலான பறவைகளைக் கொல்வது குற்றம். அடிப்பதற்குப் பதிலாக, கண்ட குருவியின் நிறம், இடம், திகதி ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். வெளிநாட்டார் காசு கொடுத்து வழிகாட்டி வைத்துப் பார்க்கும் குருவிகள் இவை. அந்த வழிகாட்டி வேலையை நாளைக்கு நம் தோட்டத்துப் பிள்ளையும் செய்யலாம். அதற்குப் படிப்பு இந்தக் கொப்பியில் தொடங்கட்டும்.