கன்னத்துத் தோலால் ஒட்டுப் போட்ட சிறுநீர்க்குழாய்

கன்னத்தின் உட்தோலை வெட்டி எடுத்து, வயிற்றுக்குள் இருக்கும் சிறுநீர்க்குழாயில் ஒட்டுப் போடுகிறார்கள் என்றால் நம்பத் தயக்கமாகத்தான் இருக்கும்.

சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் இந்தக் குழாய் 25 முதல் 30 செ.மீ. நீளம், அகலம் சில மில்லிமீட்டர்தான். புழுவைப்போல் நெளிந்து நெளிந்து சிறுநீரைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும். நாள்பட அடைத்துக் கிடந்த கல், அந்தக் கல்லை எடுக்கப் போன கருவி, கருப்பை அறுவைசிகிச்சையில் பட்ட காயம், கதிர்வீச்சு, காசநோய் என எதனாலும் ஓரிடத்தில் தழும்பு விழுந்து அது சுருங்கிவிடலாம். சிறுநீர் தேங்கிச் சிறுநீரகம் வீங்கும். சிலருக்கு வலியே தெரியாமல் சிறுநீரகம் கெட்டுப்போவதும் உண்டு.

குட்டையான சுருக்கத்தைப் பலூன் விட்டு விரிக்கலாம். நீளமானது பெரும்பாலும் மறுபடி மூடிக்கொள்ளும். அப்படியானால் கெட்ட பகுதியை வெட்டிவிட்டு இரு முனைகளையும் சேர்த்துத் தைத்தால் என்ன? சிக்கல் ரத்த ஓட்டத்தில் இருக்கிறது. இக்குழாய்க்கென்று தனியாகப் பெரிய ரத்தநாளம் கிடையாது. சிறுநீரகத் தமனி, இடுப்புத் தமனி எனப் பல இடங்களிலிருந்து வரும் சிறு கிளைகள்தான் அதன் மேலுறையில் பின்னிக் கிடக்கின்றன. அளவுக்கு மீறி உரித்தாலோ, இழுத்துப் பிடித்துத் தைத்தாலோ தைத்த இடமே ரத்தமின்றி மீண்டும் சுருங்கும்.

இங்கேதான் ரோபோ உதவுகிறது. பெயர்தான் ரோபோ, தானாக அது ஒரு தையலும் போடாது. மருத்துவர் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, பெரிதாக்கிய முப்பரிமாணக் காட்சியைப் பார்த்தபடி, நடுக்கமில்லாமல் வளையும் கருவிகளை இயக்குகிறார். இண்டோசயனின் கிரீன் என்ற சாயத்தை ரத்தநாளத்தில் ஏற்றி அகச்சிவப்புக் கேமராவில் பார்த்தால், ரத்தம் ஓடும் பகுதி பச்சையாக ஒளிரும். ஓடாத பகுதி இருண்டே கிடக்கும். எதுவரை கெட்டிருக்கிறது என்பது கண்ணுக்கே தெரிந்துவிடுகிறது. என்னைக் கேட்டால், கையின் நேர்த்தியைவிட இந்தப் பார்வைதான் பெரிய லாபம்.

சுருக்கம் கீழ்ப்பகுதியில் இருந்தால் சிறுநீர்ப்பையையே மேலே இழுத்து இணைத்துவிடலாம். மேலே, நீளமாக இருந்தால்தான் கன்னத்துத் தோல் தேவைப்படும். எப்போதும் ஈரத்திலேயே ஊறிய தோல், முடி முளைக்காது, சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். குழாயை முழுதாக அறுக்காமல் சுருங்கிய இடத்தை நீளவாக்கில் கீறித் திறந்து, அந்த இடைவெளியில் இதைத் தைக்கிறார்கள். அதன்மேல், குடலை மூடியிருக்கும் கொழுப்புப் படலத்தைச் சுற்றிவிடுகிறார்கள். ஒட்டுக்கு ரத்தம் அங்கிருந்து கிடைக்கும். இந்த யோசனை ரோபோவால் வந்ததல்ல. தென்னாப்பிரிக்க மருத்துவர் நோடே 1999லேயே இதை எழுதிவிட்டார். நியூயார்க் மருத்துவர்கள் ரோபோ வழியாகச் செய்ததை 2015இல் வெளியிட்டார்கள்.

சுருக்கம் வலியில்லாமலும் வரலாம் என்பதால், கல் எடுத்துக்கொண்டவர்கள், வலி போய்விட்டதே என்று இருந்துவிடாமல் மருத்துவர் சொன்ன தேதியில் ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். உள்ளே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழல் வைத்திருந்தால், அதை எடுக்க வேண்டிய தேதியையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.